அறையில் அமர்ந்திருக்கும் முகவர்

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பத்து மணி கடந்த பின்னர் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் பேசியவர் கொழும்பிலுள்ள ஒரு தமிழ் நாளிதழின் செய்தி ஆசிரியை. ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன்னர், நான் ஆசிரிய பீடத்தில் இருந்த காலத்தில், பயிற்சி நிருபராக வந்து சேர்ந்தவர். அந்த நேரத்தில் பத்திரிகைக்காரர்கள் சுகம் விசாரிப்பதற்காக அழைப்பதில்லை. "சேர், ஒரு பிழை நடந்துபோச்சு. யாரிட்டச் சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்று ஆரம்பித்தார்.

அவர்களுடைய அலுவலகத்தில் ஒரு வருடத்துக்கு முன்னர் வட்ஸ்அப் குழுக்களைக் கைவிட்டு, கட்டணம் செலுத்திப் பெறும் அலுவலக உரையாடற்களம் ஒன்றுக்கு மாறியிருந்தார்கள். செய்திப் பிரிவுக்கு ஓர் அறை, வாரமலருக்கு ஓர் அறை, விளம்பரப் பிரிவுக்கு ஓர் அறை, மாவட்ட நிருபர்களுக்கு ஓர் அறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூடம் என்று அது அமைந்திருந்தது. நல்ல ஏற்பாடுதான். பின்னர் முகாமைத்துவம் அந்தக் களத்துடன் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றை இணைத்தது. அறைகளில் அன்று நடந்தவற்றை வாசித்து, மாலை ஆறு மணிக்குப் பொதுக் கூடத்தில் 'இன்றைய பணிகள்' என்ற தலைப்பில் ஒரு சுருக்கம் இடுவது அதன் கடமை. மூன்று மாதங்களாக எந்தக் குறையும் இல்லை. எல்லோரும் மெச்சினார்கள். செய்தி ஆசிரியையும் மெச்சியிருக்கிறார். அதை மறைக்காமல் சொன்னார்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை வடமாகாணத்தைச் சேர்ந்த ஒரு மாவட்ட நிருபர், வீட்டுத்திட்டப் பயனாளிகள் பட்டியலில் நடந்த குளறுபடி தொடர்பாக ஓர் ஆவணத்தின் பிரதியை அனுப்பியிருந்தார். செய்தி ஆசிரியை, எந்தச் செய்தி ஆசிரியரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: இது எங்கிருந்து வந்தது, நம்பலாமா? நிருபர் அந்த அறையிலேயே பதில் எழுதினார். பிரதேச செயலகத்தில் பணிபுரியும் இன்ன முகாமைத்துவ உதவியாளர் தந்தார் என்று பெயரையும் எழுதினார். அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்படித்தான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

ஆறு மணிக்குப் பொதுக் கூடத்தில் சுருக்கம் வந்தது. வீட்டுத்திட்டச் செய்திக்கான ஆவணம் கிடைத்துள்ளது, வழங்கியவர் பிரதேச செயலகத்தின் முகாமைத்துவ உதவியாளர் திருமதி இன்னார், செய்தி ஞாயிறு இதழில் வெளியாகும் என்று அதில் இருந்தது. சுத்தமான தமிழ். ஒற்றுப்பிழைகூட இல்லை. நல்லதோர் உதவி ஆசிரியர் எழுதக்கூடிய வாக்கியம். பொதுக் கூடத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். விளம்பரப் பிரிவினர், விநியோகப் பிரிவினர், அதே மாவட்டத்தில் விளம்பரம் சேகரிப்பவர்கள் இருவர். செய்தி ஆசிரியை ஒன்பது நிமிடங்களில் அதை நீக்கிவிட்டார். அதற்குள் இருபத்துமூன்று பேர் பார்த்திருந்ததாக அந்தக் களமே கணக்குச் சொன்னது.

அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் வழங்கும் அரச ஊழியர் மீது தாபன விதிக்கோவையின்படி ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாம் என்பதை இலங்கை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடமாற்றம், விசாரணை, சம்பள ஏற்றம் நிறுத்தம் என்பன நாகரிகமான விளைவுகள். நாகரிகமற்ற விளைவுகளும் உண்டு. அவர்கள் செய்தியை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பெண்மணிக்கு இதுவரை எதுவும் நேரவில்லை.

இந்த இடத்தில் நான் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 19 ஆம் திகதி, ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்ட தராக்கி சிவராமின் உடல் மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் கிடந்தது. 2009 ஜனவரி 8 இல் லசந்த விக்கிரமதுங்க வேலைக்குச் செல்லும் வழியில் தாக்கிக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளில் பணியாற்றிய எங்களுக்கு ஒரு பழக்கம் தானாகவே வந்துவிட்டது. தகவல் தந்தவரின் பெயரைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதில்லை. 'மாமா', 'பெரிய கடை', 'பத்தொன்பதாம் நம்பர்' என்று ஏதேனும் ஒன்று இருக்கும். பிரதம ஆசிரியர் கேட்டால் அவரது மேசைக்கு அருகே சென்று காதோடு சொல்வோம். அவரும் எழுதிவைக்கமாட்டார். ஒருவர் நினைவிலிருந்து இன்னொருவர் நினைவுக்கு மட்டுமே அந்தப் பெயர் போகும். நினைவு என்பது தேடுபொறிக்கு அகப்படாத ஓர் இடம்.

இப்போது இந்த உரையாடற்களங்களைப் பற்றிச் சொல்கிறேன். இவற்றில் பெயர்பெற்றது ஸ்லாக். கனடாவைச் சேர்ந்த ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டும் நண்பர்களும் 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டை உருவாக்கித் தோற்றபோது, தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காகச் செய்து வைத்திருந்த கருவியே 2013 இல் முன்னோட்டமாகவும் 2014 இல் பொதுப் பாவனைக்கும் வந்தது. 2020 டிசெம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் 27.7 பில்லியன் அமெரிக்க டொலருக்கு அதை வாங்க உடன்பட்டது. ஸ்லாக் என்ற பெயரை விரித்தால், 'அனைத்து உரையாடலினதும் அறிவினதும் தேடத்தக்க பதிவேடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் கிடைக்கும். பெயரிலேயே விடயம் இருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்களுக்கு அது வரம். போன வருடம் இந்தக் கோளாறை யார் எப்படித் திருத்தினார் என்று தேடி எடுக்கலாம். எங்கள் தொழிலிலோ பாதி உரையாடல் பதிவேட்டுக்கு வரக்கூடாத உரையாடல். மைக்ரோசொஃப்ட் 2017 இல் கொண்டுவந்த டீம்ஸுக்கும் இதுவே பொருந்தும்.

உரையாடல் அறைக்குள் இயந்திரத்தை அமர்த்துவது புதிய சங்கதியும் அல்ல. கிட்ஹப் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2011 இல் 'ஹியூபொட்' என்றொரு நிரலை வெளியிட்டார்கள். அறையில் அதன் பெயரைச் சொல்லி, எழுதிவைத்த கட்டளை ஒன்றை இட்டால், எழுதிவைத்த வேலை ஒன்றைச் செய்யும். அது ஒரு மின்விசிறி ஆளி போன்றது. அழுத்தினால் சுற்றும், அழுத்தாவிட்டால் சும்மா இருக்கும். இன்றைய முகவர் அப்படியல்ல. அதற்குள் இருப்பது ஒரு மொழி மாதிரி. அறையில் உள்ளவற்றை வாசித்து, எது முக்கியம் என்று தானே தீர்மானித்து, அடுத்து என்ன செய்வதென்று தானே தெரிந்தெடுத்து, நாட்காட்டியிலும் கோப்புகளிலும் மின்னஞ்சலிலும் கைவைக்கிறது. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் இத்தகைய இணைப்புகளுக்கான ஒரு பொது நியமத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஓப்பன்ஏஐயும் கூகுளும் அதை ஏற்றுக்கொண்டன. அதன் பின்னர் எந்த முகவரையும் எந்தக் களத்தோடும் பொருத்துவது ஒரு பிற்பகல் வேலையாகிவிட்டது. வேலை இலகுவானதுதான் இங்கு ஆபத்து. கடினமாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் கூட்டம் வைத்துப் பேசியிருப்பார்.

முகவர் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் நாட்டில் முகவர் என்றால் மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்புபவர், காப்புறுதிக்குப் பணம் சேர்ப்பவர், வாக்குச்சாவடியில் கட்சிக்காக உட்கார்ந்திருப்பவர். இவர்களில் எவரைக் கண்டாலும் நாம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: நீர் யாருடைய முகவர்? வாக்குச்சாவடி முகவருக்குக்கூடக் கையொப்பமிட்ட நியமனப் பத்திரம் வேண்டும். மென்பொருள் முகவரிடம் மட்டும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

செய்தி ஆசிரியையிடம் நான் அதைத்தான் கேட்டேன். "அது யாருடைய பெயரில் உள்ளே வந்தது?" அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் கணினிப் பிரிவு இளைஞரைக் கேட்டு விபரம் சொன்னார். அந்த விபரம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

வாசகர்களுக்குப் புரியும்படி ஸ்லாக்கை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். மற்றக் களங்களிலும் ஏறக்குறைய இதே முறைதான். ஒரு முகவரை இணைக்கும்போது அதற்கு என்னென்ன அனுமதி என்று ஒரு பட்டியலில் தெரிவுசெய்ய வேண்டும். பொது அறைகளின் பழைய செய்திகளை வாசிப்பது ஓர் அனுமதி. தனி அறைகளின் செய்திகளை வாசிப்பது வேறோர் அனுமதி. தன் பெயர் சொல்லி அழைக்கப்படும்போது மட்டும் அறிந்துகொள்வது இன்னோர் அனுமதி. செய்தி எழுதுவது மற்றொன்று. இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருப்பவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அனுமதி முடிந்ததும் களம் ஒரு டோக்கனைத் தருகிறது. திறப்பு என்று வைத்துக்கொள்வோம். திறப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முகவரின் சொந்தப் பெயருக்கு வெட்டப்படுவது. அது அழைக்கப்பட்ட அறைகளை மட்டுமே திறக்கும். தனி அறைக்குள் வர வேண்டுமானால் அறையிலுள்ள ஒருவர் அதை உள்ளே சேர்க்க வேண்டும். சேர்த்தால் உறுப்பினர் பட்டியலில் அதன் பெயர் தெரியும். மற்றையது, ஓர் ஊழியரின் பெயருக்கு வெட்டப்படுவது. அந்த ஊழியர் எங்கெல்லாம் போகலாமோ அங்கெல்லாம் முகவரும் போகலாம். பட்டியலில் தெரிவது ஊழியரின் பெயர்தான்.

கணினிப் பிரிவு இளைஞர் இரண்டாவது வகையை எடுத்திருக்கிறார். யாருடைய பெயரில்? பொது முகாமையாளரின் பெயரில். ஏனென்றால் களம் ஆரம்பிக்கப்பட்ட நாளில், பெரியவர் ஆயிற்றே என்று அவரை எல்லா அறைகளிலும் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. மாவட்ட நிருபர்கள் அறையின் ஐந்து உறுப்பினர்களில் ஐந்தாமவர் அவர்தான்! வராத மனிதர் என்பதால் அவர் இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். வராத மனிதரின் கதிரையில் முகவர் வந்து அமர்ந்தது. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகச் சென்று முகவரைச் சேர்க்கும் சிரமம் மிச்சம் என்று இளைஞர் நினைத்திருக்கிறார். அவரிடம் தீய நோக்கம் எதுவும் இல்லை. முதல் நாளே வேலை செய்து காட்ட வேண்டும் என்ற அவசரம்தான். அந்த அவசரம் நமக்கெல்லாம் இருந்ததுதான்.

களவு எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடவுச்சொல்லை எவரும் திருடவில்லை. முகவரும் பொய் சொல்லவில்லை. தனக்குக் காட்டப்பட்டதைச் சுருக்கி, தனக்குச் சொல்லப்பட்ட இடத்தில் இட்டது. ஐந்து பேர் அறையில் சொல்லப்பட்ட ஒன்றை அறுபது பேர் கூடத்தில் சொல்லக்கூடாது என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. மனிதர்களுக்கு அதை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவந்த ஒருவர் இருந்தார். ஆசிரியர் கூட்டங்கள் அனைத்திலும் உள்ளே வந்து போவார். முப்பது வருடங்களில் அந்த நிறுவனத்தின் எந்தச் சங்கதியும் அவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. விளம்பரப் பிரிவில் கோப்பையை வைக்கும்போது ஆசிரிய பீடத்தில் கேட்டதை அவர் சொன்னதில்லை. அவருக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு இருந்த அந்த இங்கிதத்தை இந்த முகவர்களிடம் எதிர்பார்ப்பது இன்றைய நிலையில் பேதைமை. இருப்பதாகத் தோன்றும், ஏனென்றால் அவை இங்கிதமாகப் பேசும்.

இது பாதிக் கதை. மற்றப் பாதி இன்னும் சங்கடமானது.

கையால் அச்சுக்கோத்த கடைசிக் காலத்தில் நான் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒரு முறை ஓர் அமைச்சரின் பேச்சைச் செப்பனிட்டுவிட்டு, பக்கம் போதாவிட்டால் இந்தப் பந்தியை விட்டுவிடலாம், இவர் வழக்கமாகச் சொல்வதுதான் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அச்சுக்கோப்பாளர் புதியவர். ஓரத்தில் இருந்ததையும் சேர்த்துக் கோத்துவிட்டார். ஒப்புநோக்காளரும் அன்று விடுமுறை. மறுநாள் காலையில் அமைச்சரின் செயலாளர் தொலைபேசியில் என்ன சொன்னார் என்பதை இங்கு எழுத முடியாது. எது செய்தி, எது செய்தியைப் பற்றிய கட்டளை என்று பிரித்தறிவது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. செய்தி முகவரகங்கள் ஒரு செய்தியை அனுப்பிய பின்னர் அதில் பிழை இருந்தால், 'கில்' என்று தலைப்பிட்டு, முன்னைய செய்தியை நீக்கும்படி அறிவிக்கும். அதுவும் அதே இயந்திரத்தில், அதே தாளில், செய்தியோடு செய்தியாகத்தான் வரும். ஆயினும் எந்த உதவி ஆசிரியரும் அதைச் செய்தியாக அச்சிடமாட்டார். அதேபோல ஒரு வாசகர் கடிதத்தில், இந்தப் பத்திரிகையை இன்றோடு மூடிவிடவும் என்று எழுதியிருந்தால் அதைக் கட்டளையாகக் கொண்டு இயந்திரத்தை நிறுத்தவும் மாட்டார்.

மொழி மாதிரிகளுக்கு இந்த அரிச்சுவடி உறுதியாக வாய்க்கவில்லை. எசமானின் கட்டளையும், வாசிக்கக் கொடுத்த கடிதமும் அவற்றுக்கு ஒரே சொற்சரமாகவே போய்ச் சேர்கின்றன. கடிதத்துக்குள் ஒருவர் கட்டளையை ஒளித்து வைத்தால் அதற்குக் கீழ்ப்படிந்துவிடும் வாய்ப்பு உண்டு. சைமன் வில்லிசன் என்ற மென்பொருளாளர் 2022 செப்டெம்பரில் இதற்கு 'ப்ரொம்ட் இன்ஜெக்சன்' என்று பெயரிட்டார். இதுவரை முழுமையான மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. தடுப்புகள் கூடியிருக்கின்றன, தாக்குதல்களும் கூடியிருக்கின்றன.

அலுவலக உரையாடற்களங்களில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2024 ஓகஸ்டில் ப்ரொம்ட்ஆர்மர் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஸ்லாக்கின் சொந்தச் செயற்கை நுண்ணறிவுச் சேவையில் ஒரு துவாரத்தைக் காட்டியது. அலுவலகத்தில் உள்ள ஒருவர், யாரும் பார்க்காத பொது அறை ஒன்றைத் திறந்து அதில் ஒரு கட்டளையை எழுதி வைக்கிறார். வேறொருவர், தமது தனி அறையில் இருக்கும் ஓர் இரகசியத் திறப்பைப் பற்றி அந்தச் சேவையிடம் கேட்கிறார். சேவை இரண்டையும் சேர்த்து வாசித்து, மீண்டும் உள்நுழைய இங்கே சொடுக்கவும் என்று ஓர் இணைப்பைக் காட்டுகிறது. சொடுக்கினால் இரகசியம் கட்டளை எழுதியவரிடம் போய்ச் சேரும். ஸ்லாக் நிறுவனம் அதைத் திருத்தியது. தரவுகள் களவு போனதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. 2025 ஜூனில் மைக்ரோசொஃப்டின் கோபைலட் சேவையில் 'எக்கோலீக்' என்ற துவாரம் வெளியானது. அதில் சொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து பெட்டியில் கிடந்தாலே போதும். பின்னர் வேறேதோ கேள்விக்காக முகவர் அதை வாசிக்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் கட்டளை விழித்துக்கொள்ளும். அதையும் திருத்திவிட்டார்கள். திருத்தியவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுக்கே இந்தப் பாடு என்றால், ஒரு பிற்பகலில் முகவரை இணைத்த நமது இளைஞரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியிலிருந்து வரும் எழுத்து எவ்வளவு! அறிக்கைகள், வாசகர் கடிதங்கள், மரண அறிவித்தல்கள், கட்சிப் பிரசுரங்கள். அவற்றை அறைக்குள் போட்டு, சுருக்கித் தா என்று முகவரிடம் கேட்பது எங்கள் அன்றாட வழக்கமாகிவிட்டது.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். மின்னஞ்சல் வந்தபோதும் நீங்கள் இப்படித்தான் பயந்தீர்கள், வட்ஸ்அப் வந்தபோதும் பயந்தீர்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கணினி ஆசிரிய பீடத்துக்கு வந்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கணினி இல்லாவிட்டால் பாமினி எழுத்துருவோடு நாங்கள் பட்ட பாடும் இருந்திராது என்று இன்றும் முணுமுணுக்கிறேன். ஆனால் முகவர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தலை மூன்று மொழிகளிலும் ஒப்பிட்டு, தமிழில் எது விடுபட்டுள்ளது என்று சொல்லச் சொன்னால், இளம் நிருபர் ஒருவர் அரை நாள் செய்யும் வேலையை அது சில நிமிடங்களில் செய்து தருகிறது. அதை அவர் மறுபடி சரிபார்க்க ஒரு மணித்தியாலம் போதும். ஹன்சாட்டில் ஒருவர் ஐந்து வருடங்களுக்கு முன்னர் என்ன சொன்னார் என்று தேடுவதற்கும் அப்படியே. ஆள் பற்றாக்குறையால் திணறும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இது சிறிய உதவி அல்ல. வர்த்தமானியும் ஹன்சாட்டும் ஊரறிந்த ஆவணங்கள். அவற்றை வாசிக்கும் முகவர் எதை உளறினாலும் எவருக்கும் வேலை போகாது. மின்னஞ்சலோ வட்ஸ்அப்போ கிடந்த இடத்தில் கிடக்கும். தானாக எழுந்து வேறோர் அறைக்குப் போய்ப் பேசாது. நண்பர் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. எயார் கனடா நிறுவனத்தின் இணையத்தள உரையாடல் இயந்திரம், உறவினரின் மரணத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் கொடுத்தது. விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்துக்குச் சென்றபோது, அந்த இயந்திரம் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட ஆள் என்ற பாணியில் நிறுவனம் வாதாடியது. 2024 பெப்ரவரியில் தீர்ப்பாயம் அதை நிராகரித்து, 650 கனேடிய டொலருக்குச் சற்று அதிகமான நட்டஈட்டை வழங்க உத்தரவிட்டது. தொகை சிறியது. பத்திரிகையில் ஒரு வரி பிழையாக வந்தால் அச்சுக்கோப்பாளரைக் காட்டி ஆசிரியர் தப்பிக்க முடியாது என்பது நாங்கள் எப்போதும் அறிந்ததே. முகவர் எழுதியதற்கும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று செய்தி ஆசிரியையின் அலுவலகத்தில் விசாரித்தபோது, கணினிப் பிரிவு முகாமைத்துவத்தைக் காட்டியது. முகாமைத்துவம் மென்பொருளை விற்ற நிறுவனத்தைக் காட்டியது. அந்த நிறுவனம் தனது நிபந்தனைகளின் பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டியது.

அவருக்கு நான் சொன்னவை சாதாரண விடயங்கள்தான். முகாமையாளரின் பெயரிலுள்ள திறப்பை அன்றே இரத்துச் செய்யுங்கள். முகவருக்குச் சொந்தப் பெயரில், அது இயந்திரம் என்று எவருக்கும் தெரியும் பெயரில், புதிய திறப்பு எடுங்கள். அழைத்தால் மட்டும் வரட்டும். எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மாவட்ட நிருபர்கள் அறைக்குள் அது எக்காலத்திலும் வேண்டாம். ஓர் அறையில் வாசித்ததை அந்த அறையில் மட்டும் சொல்லட்டும். வேறு அறைக்குப் போக வேண்டுமானால் ஒரு மனிதர் வாசித்து, தமது பெயரில் அனுப்பட்டும். வெளியாருடைய எழுத்தை வாசிக்கும் முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பும் அதிகாரம் கொடுக்க வேண்டாம். அது வாசித்தவை யாவும் எங்கே, எவ்வளவு காலம் சேமிக்கப்படுகின்றன என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். இவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குறுக்கிட்டு, "சேர், அந்தப் பெயரை அங்க எழுதச் சொல்லிக் கேட்டது நான்தானே" என்றார். ஆம் என்றேன். அதற்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கவில்லை. காதோடு கேட்க வேண்டியதை அறையில் கேட்டுவிட்டார். மேசைக்கு அருகே சென்று குனிந்து கேட்பதற்கு அந்தக் களத்தில் ஒரு வழி இல்லை. இருவருக்கான தனி உரையாடலும் அதே பதிவேட்டில்தான் சேர்கிறது. வட்ஸ்அப்பில் இருப்பதுபோல அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் மட்டுமான மறையாக்கம் ஸ்லாக் போன்றவற்றில் இல்லை. இருந்திருந்தால் முகவரால் வாசித்திருக்கவே முடியாது.

அந்த மாவட்ட நிருபரை எனக்குப் பழக்கம் இல்லை. பதினெட்டு வருடங்களாகப் பகுதிநேர ஊதியத்தில் எழுதுபவர் என்று கேள்விப்பட்டேன். நடந்தது தெரிந்ததும் அவர் செய்தி ஆசிரியையை அழைத்து ஆத்திரப்படவில்லையாம். "அக்கா, அந்த மனிசி என்னை நம்பித்தான் தந்தது. நான் உங்களை நம்பி எழுதினன். நீங்கள் ஆரை நம்பினியள்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதன் பின்னர் அவர் அந்த அறையில் எதுவும் எழுதுவதில்லை. விபத்து, கோவில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாவற்றையும் மாலையில் தொலைபேசியில் சொல்கிறார். செய்தி ஆசிரியை பழையபடி தாளில் எழுதிக்கொள்கிறார். வீட்டுத்திட்டப் பட்டியல் பற்றி அவர் பேசுவதில்லை. இவர் கேட்பதும் இல்லை. பட்டியலில் பெயர் வர வேண்டியிருந்த குடும்பங்கள் தகரக் கொட்டில்களில் இருக்கின்றன. அந்தச் செய்தி இன்றுவரை வெளிவரவில்லை.

திறப்பை இரத்துச் செய்துவிட்டார்கள். முகவருக்கு இப்போது 'சுருக்க இயந்திரம்' என்று பெயர். மூன்று அறைகளில் மட்டும் இருக்கிறது. பொது முகாமையாளரையும் எல்லா அறைகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மூன்று மாதங்களாக முகவர் வாசித்தவற்றின் பதிவுகளை அழித்து, அழித்ததை உறுதிப்படுத்தும்படி கேட்டு மென்பொருள் நிறுவனத்துக்குச் செய்தி ஆசிரியை கடிதம் அனுப்பியிருக்கிறார். தங்கள் கோரிக்கை கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்வோம் என்று இரண்டு நிமிடங்களில் ஒரு பதில் வந்ததாம். அதை எழுதியதும் ஒரு முகவர்தான் என்று அடியில் குறிப்பிட்டிருந்தார்கள். மனிதர் ஒருவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.